ஐஎஸ்ஓ கோப்பை ஜிப்பாக மாற்றுவது எப்படி, எப்போது மாற்றக் கூடாது

போன மாதம் கட்டபெட்டிலிருந்து ஒரு அக்கா கடைக்கு வந்தார். கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், நடுநடுவே கொஞ்சம் கம்ப்யூட்டர் வைத்தியம். "தம்பி, எங்க கல்யாண டிவிடி கெட்டுப் போச்சாம், பாப்பா போன்ல சொல்லி அழுவுறா" என்றார்.

விசாரித்தால் டிவிடிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2006-இல் நடந்த கல்யாணம். யாரோ ஒரு நல்ல மனிதர் அந்த டிவிடியை முழுசாக ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து வீட்டு லேப்டாப்பில் போட்டுக் கொடுத்திருக்கிறார். கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது கேபிள் போட்டு அதைப் போனுக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். ஹாஸ்டலில் தட்டிப் பார்த்தால் போன் திறக்கவில்லை. பக்கத்து அறைத் தோழி ஒருத்தி, கோப்புப் பெயரின் வாலில் இருக்கும் ஐஎஸ்ஓ-வை அழித்துவிட்டு ஜிப் என்று போட்டால் திறக்கும் என்று சொல்ல, இவளும் மாற்றினாள். இப்போது 'கோப்பு சிதைந்துள்ளது' என்று வந்தது. அழுகை அங்கேதான் ஆரம்பம்.

இந்தக் குழப்பம் அந்தப் பெண்ணுக்கு மட்டும் இல்லை. வாரத்துக்கு ஒருவராவது இப்படி வருகிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

கேத்தி பாலாடா பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கேரட் பாத்தியில் இருக்கும்போது ஒரு கோலம், பிடுங்கி, மிஷினில் கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏறும்போது வேறு கோலம். ஐஎஸ்ஓ மாதிரியான டிஸ்க் இமேஜ் கோப்பு என்பது பாத்தியையே மண்ணோடு பெயர்த்து எடுத்த மாதிரி. எந்த வரிசையில் எத்தனையாவது இடத்தில் எது இருந்தது, எங்கே வெற்றிடம், வாய்க்கால் எந்தப் பக்கம் என்று எல்லாம் இருந்தது இருந்தபடி. ஜிப், 7-ஜிப், ரார், டார் எல்லாம் மூட்டைகள். கேரட் மட்டும் உள்ளே இருக்கும், பாத்தி இருக்காது. மூட்டையைத் தூக்குவது சுலபம், யார் வேண்டுமானாலும் அவிழ்க்கலாம், ஆனால் மூட்டையைப் பார்த்து பாத்தி எப்படி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே ஐஎஸ்ஓ-வை ஜிப்பாக மாற்றுவது என்றால் பாத்தியைக் கலைத்து மூட்டை கட்டுவது. பாதி நேரம் நமக்கு வேண்டியது அதுதான். மீதி நேரம் அதைச் செய்துவிட்டு வருத்தப்படுவோம்.

சரி, பெயரை மாற்றினால் ஏன் வேலைக்கு ஆகவில்லை? ஏனென்றால் மென்பொருள் பெயரின் வாலை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை, உள்ளே எட்டிப் பார்க்கும். ஜிப் கோப்பைத் திறந்தால் முதல் இரண்டு எழுத்து ஆங்கிலத்தில் பி, கே. 1989-இல் ஜிப்பை உருவாக்கிய ஃபில் கட்ஸ் தன் பெயரின் முதலெழுத்துகளை அதில் பொறித்துவிட்டுப் போனார், இன்றைக்கும் உலகத்தில் உள்ள ஜிப் எல்லாம் அவர் கையெழுத்தோடுதான் ஓடுகின்றன. ஐஎஸ்ஓ வேறு சாதி. அதன் விதிகள் 1988-இல் சர்வதேசத் தரமாக வந்த ஐஎஸ்ஓ 9660, அந்தத் தரத்தின் பெயரிலிருந்துதான் கோப்புக்கே அந்தப் பெயர். தட்டு முழுவதும் 2,048 பைட் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும், அதற்கு செக்டர் என்று பெயர். முதல் 16 செக்டர்கள், அதாவது 32,768 பைட், கணினி தொடங்குவது போன்ற வேலைகளுக்காக ஒதுக்கி வைத்தது. பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அதைத் தாண்டி ஒரு பைட் தள்ளி 'சிடி001' என்ற அடையாளம் ஆங்கில எழுத்தில் இருக்கும். அங்கிருந்துதான் தட்டின் பெயர், அளவு, உள்ளே என்ன எங்கே என்ற பட்டியல் எல்லாம் ஆரம்பம். போனில் இருந்த செயலி ஜிப் என்று நம்பித் திறந்து பார்த்தது, பிகே-வைக் காணோம், சிதைந்த கோப்பு என்று சொல்லிவிட்டது. அது சொன்னதில் தப்பே இல்லை. அந்தப் பெண் பெயரைப் பழையபடி ஐஎஸ்ஓ என்று திருப்பி வைத்தாலே கோப்பு முன்போல் ஆகிவிடும், ஒரு பைட் கூட மாறியிருக்காது. இதைச் சொன்னதும் அக்காவுக்குப் பாதி உயிர் வந்தது.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது, மலையில் நெட் வைத்துக்கொண்டு மாரடிப்பவர்களுக்கு இது உபயோகப்படும். ஐஎஸ்ஓ-வில் பட்டியல் வழக்கமாக முன்பக்கம். ஜிப்பில் பட்டியல் கடைசியில், கோப்பின் வாலில். அதனால் பாதியில் நின்றுபோன டவுன்லோடு ஐஎஸ்ஓ-வாக இருந்தால் பல நேரம் திறந்துவிடும், பெயர்கள் எல்லாம் அழகாகத் தெரியும், நாமும் எல்லாம் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்போம், கடைசியில் இருக்கும் கோப்பைத் தொட்டால்தான் வேஷம் கலையும். ஜிப் பாதியில் நின்றால் முதல் அடியிலேயே திறக்காது. மழைக்காலத்தில் கரண்ட் போய் போய் வரும் எங்கள் ஊரில் இரண்டாவது ரகம்தான் யோக்கியன் என்பது என் கட்சி.

இப்போது மாற்றும் வேலை. 'மாற்றுவது' என்ற ஒரே சொல்லை ஆட்கள் இரண்டு விஷயத்துக்குச் சொல்கிறார்கள், அதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே தூக்கி ஒரு ஜிப்புக்குள் போடுவது. இதில் பாத்தி கலையவில்லை, பாத்தியை ஒரு சாக்குக்குள் திணித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கம் அவிழ்ப்பவருக்கு மறுபடி ஐஎஸ்ஓ-தான் கிடைக்கும். இன்னொன்று, ஐஎஸ்ஓ-வுக்குள் இருக்கும் கோப்புகளை வெளியே எடுத்து, அவற்றை ஜிப் போடுவது. பெரும்பாலானவர்கள் கேட்பது இரண்டாவதை, செய்வது முதலாவதை. ஐஎஸ்ஓ மேல் வலது கிளிக் செய்து ஜிப்பாக அனுப்பு என்று கொடுத்தால் விண்டோஸ் செய்வது முதலாவதுதான், அப்புறம் போனில் ஜிப் திறந்து உள்ளே பழைய ஐஎஸ்ஓ சிரிக்கும்.

எடுப்பதற்கு நான் பயன்படுத்துவது 7-ஜிப் என்ற மென்பொருள். இகோர் பாவ்லோவ் என்பவர் 1999-இலிருந்து இலவசமாகக் கொடுத்துவருவது. ஐஎஸ்ஓ மேல் வலது கிளிக், 7-ஜிப் வரியில் அதே பெயர் போட்ட ஃபோல்டரில் பிரித்து வை என்று ஒன்று இருக்கும், அதைத் தட்டினால் உள்ளே இருப்பது அத்தனையும் ஒரு ஃபோல்டருக்குள் வந்து விழும். பிறகு அந்த ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து ஆர்கைவில் சேர் என்று கொடுத்து, வடிவம் ஜிப் என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. 7-ஜிப்பே வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. விண்டோஸ் 8-இலும் அதற்கு அப்புறம் வந்த எதிலும் ஐஎஸ்ஓ-வை இரண்டு தட்டுத் தட்டினால் உண்மையான டிவிடி டிரைவ் மாதிரி ஒரு டிரைவ் தோன்றும், அதிலிருந்து காப்பி செய்துகொள்ளலாம். இதற்கு மவுன்ட் செய்வது என்று பெயர். மேக்கிலும் லினக்ஸிலும் இந்த வசதி முன்பிருந்தே உண்டு. விண்டோஸ் 7-இல் இல்லை, எங்கள் ஊரில் இன்னமும் நிறைய விண்டோஸ் 7 ஓடுகிறது, அதனால்தான் நான் 7-ஜிப்பிலேயே நிற்கிறேன்.

ஐஎஸ்ஓ-வைக் கொடுத்தால் நேராக ஜிப்பாக்கித் தரும் மென்பொருள்களும் உண்டு, பீஜிப்பில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. அதுவும் திரைக்குப் பின்னால் பிரித்து மறுபடி கட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது, நமக்கு இரண்டு கிளிக் மிச்சம். ஆன்லைனில் மாற்றித் தரும் தளங்கள் நிறைய. வீட்டுக் கல்யாணத்தை முன்பின் தெரியாத ஒரு சர்வரில் ஏற்றுவதை நான் செய்ய மாட்டேன், அதிலும் 4 ஜிபியை இந்த மலையிலிருந்து ஏற்றி முடிப்பதற்குள் அடுத்த கல்யாணம் வந்துவிடும்.

ரார் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். 7-ஜிப் ராரைப் பிரிக்கும், ஆனால் ரார் கட்டாது, அதற்கு வின்ரார் வேண்டும். எதிரில் இருப்பவர் யார் என்றே தெரியாமல் அனுப்பும்போது ஜிப்தான் நல்லது, எந்தப் போனிலும் திறக்கும். லினக்ஸ்காரர்களுக்கு டார், அவர்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது.

சுருக்கும் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிப் போட்டால் 4 ஜிபி 1 ஜிபி ஆகும் என்று நம்பி வருகிறார்கள். ஆகாது. டிவிடியில் இருக்கும் விஓபி கோப்புகள் எம்பெக்-2 முறையில் ஏற்கெனவே சுருக்கப்பட்ட வீடியோ. சாறு பிழிந்த கரும்புச் சக்கையை மறுபடி ஆலையில் விட்டால் என்ன வருமோ அதுதான் வரும். அந்த அக்காவின் 4.3 ஜிபியை உச்ச அளவில் சுருக்கச் சொல்லிப் பார்த்தேன், மெஷின் அரை மணி நேரம் மூச்சு வாங்கி ஒரு கைப்பிடி எம்பியைக் குறைத்தது. ஜேபெக் படங்கள், எம்பி3 பாட்டு எல்லாம் இதே கதை. இவற்றுக்குச் சுருக்கும் அளவில் 'சுருக்காமல் சேமி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிமிடத்தில் வேலை முடியும். எழுத்துக் கோப்புகள், எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ், பிஎம்பி படங்கள், கணக்கு மென்பொருளின் தரவு, இவையெல்லாம் நன்றாகச் சுருங்கும், அவற்றுக்கு மெனக்கெடலாம்.

அளவு விஷயத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. தட்டில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருப்பது விண்டோஸ் கணக்கில் ஏறக்குறைய 4.38 ஜிபி. ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் இடமில்லை என்ற மாதிரி முரண்டு பிடிக்கும். பழைய ஜிப் வடிவத்துக்கும் அதே 4 ஜிபி எல்லை. பிறகு வந்த ஜிப்64 அதைத் தாண்டும், ஆனால் எல்லாப் பழைய செயலிக்கும் அது புரியாது. வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு 2 ஜிபி வரைதான். இங்கேதான் பிரித்து எடுப்பதன் லாபம் தெரியும். டிவிடிக்குள் விஓபி கோப்பு ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாது, அது டிவிடி விதி. ஆகவே பிரித்துவிட்டால் ஜிப்பே போடாமல் ஒவ்வொன்றாக அனுப்பலாம், ஒரு துண்டு வழியில் தவறினாலும் அதை மட்டும் திருப்பி அனுப்பினால் போதும்.

இப்போது, கலைக்கக் கூடாத பாத்திகள்.

விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் ஐஎஸ்ஓ-வைக் கலைக்காதீர்கள். கணினி அந்தத் தட்டிலிருந்து தானாகத் தொடங்குவதற்கான வழிகாட்டி கோப்புகளின் பட்டியலில் வராமல் தட்டின் தனி இடத்தில் குறித்து வைக்கப்பட்டிருக்கும். பிரித்து எடுக்கும்போது அந்தக் குறிப்பு போய்விடும். கடை ஆரம்பித்த புதிதில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று வைத்திருந்த இன்ஸ்டால் ஐஎஸ்ஓ ஒன்றைப் பிரித்து ஜிப் போட்டு, மூலத்தையும் அழித்துவிட்டேன். பிறகு ஒரு நாள் ஒரு லாட்ஜ்காரரின் பழைய பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும் உள் மென்பொருள்) மெஷின் படுத்துவிட, ஜிப்பை அவிழ்த்து பென் டிரைவில் கொட்டிக்கொண்டு போனேன். கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது. லாட்ஜ்காரர் டீ வாங்கிக் கொடுத்தார், எனக்கு அதுதான் இன்னும் அவமானம். பயாஸுக்குப் பதிலாக வந்த யூஈஎஃப்ஐ உள்ள புது மெஷின்களில் கோப்புகளைக் கொட்டினாலே சில நேரம் தொடங்கிவிடும், அதை நம்பி இறங்காதீர்கள். ஐஎஸ்ஓ-வை ஐஎஸ்ஓ-வாகவே வைத்து ரூஃபஸ் போன்ற ஒன்றால் பென் டிரைவில் எழுதுங்கள்.

அடுத்தது மெமரி கார்டின் இமேஜ், வாலில் ஐஎம்ஜி என்று இருக்கும். இதில் நான் செய்தது இன்னும் பெரிய பிழை. ஊட்டி மலர்க் கண்காட்சி சமயம் ஒரு போட்டோகிராபர் கார்டைக் கொடுத்து அப்படியே எடுத்து வை என்றார். அப்படியே இமேஜ் எடுத்தேன், பிறகு வழக்கம்போல உள்ளே இருந்த படங்களைப் பிரித்து ஜிப்பாக்கிக் கொடுத்து இமேஜை அழித்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, கார்டில் தவறுதலாக அழித்த முந்தைய வாரப் படங்கள் வேண்டும், கார்டை ஃபார்மட் செய்து புதிதாக எடுக்க ஆரம்பித்துவிட்டேன், உன்னிடம் இமேஜ் இருக்கிறதே என்றார். அழித்த கோப்பு கார்டை விட்டு உடனே போய்விடாது, பட்டியலில் பெயர் மட்டும் அடிபடும், தரவு அப்படியே மண்ணுக்குள் கிடக்கும். பிடுங்காமல் விட்ட கேரட் மாதிரி. இமேஜ் இருந்திருந்தால் அழித்த கோப்பை மீட்கும் போட்டோரெக் மென்பொருள் கொண்டு தோண்டியிருக்கலாம். ஜிப்பில் இருப்பது பட்டியலில் பெயர் இருந்தவை மட்டுமே. இதையே திருப்பியும் யோசித்துக்கொள்ளுங்கள், உங்கள் கார்டின் இமேஜை வெளியாளிடம் கொடுத்தால் நீங்கள் அழித்ததாக நினைத்தவையும் கூடவே போகின்றன. அந்த வகையில் வெளியே அனுப்ப ஜிப்தான் பாதுகாப்பு.

விசிடி, ஆடியோ சிடி இரண்டும் தனி ராகம். ஆடியோ சிடியில் கோப்பே கிடையாது, பாட்டு நேராகத் தடமாகப் பதிந்திருக்கும், செக்டர் ஒன்றுக்கு 2,352 பைட். ஐஎஸ்ஓ-வின் 2,048-இல் அது அடங்காது. அதனால்தான் அவற்றின் இமேஜ் 'பின்' என்று ஒன்று, 'க்யூ' என்று ஒன்று என இரட்டைக் கோப்பாக வரும். க்யூ என்பது சின்ன எழுத்துக் கோப்பு, எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது. 'பின்' கோப்பு பெரிதாக இருக்கிறது, க்யூ எதற்கு என்று அழித்துவிட்டு வருபவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே ஜிப்புக்குள் சேர்த்துக் கட்டி வையுங்கள், கலைக்க வேண்டாம். விசிடியிலும் வீடியோப் பகுதிக்கு இதே சிக்கல் உண்டு, அதனால் விசிடியை ஐஎஸ்ஓ-வாக எடுத்ததாக யாராவது சொன்னால் உடனே ஓட்டிப் பாருங்கள்.

மேக்கின் டிஎம்ஜி கோப்பை விண்டோஸில் 7-ஜிப் பெரும்பாலும் திறந்துவிடும், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது மட்டும் முடியாது. அவ்வளவுதான் அதைப் பற்றி.

பெயர்கள். பழைய ஐஎஸ்ஓ விதிப்படி பெயருக்கு எட்டு எழுத்து, வாலுக்கு மூன்று, அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து. பிறகு மைக்ரோசாஃப்ட் ஜோலியட் என்று ஒன்றைச் சேர்த்து 64 எழுத்து வரை, தமிழ் உட்பட, வைக்க வழி செய்தது. ஆனால் 'கோ' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு. 'கோத்தகிரி மாமா வீட்டு வளைகாப்பு' என்று ஆரம்பித்து தேதி, நேரம் எல்லாம் எழுதினால் சீக்கிரம் தீர்ந்து பெயர் பாதியில் வெட்டுப்படும். பிரித்த பிறகு ஜிப் கட்டும் முன் பெயர்களை ஒரு முறை பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

மூலத்தை அழிப்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு, இதைச் செய்யாமல் அழிப்பவர்கள்தான் என்னிடம் திரும்ப வருகிறார்கள். ஐஎஸ்ஓ 9660-இல் ஒவ்வொரு கோப்பும் சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண் எதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்கில் நாலு பைட் கெட்டாலும் ஐஎஸ்ஓ வாயைத் திறக்காது. ஜிப் ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்திருக்கும். 7-ஜிப்பில் ஆர்கைவைச் சோதி என்று கொடுத்தால் அத்தனையையும் மனக்கணக்காக அவிழ்த்துப் பார்த்துப் பிழை இருந்தால் சொல்லும். ஆனால் அது கட்டிய பிறகு கெட்டதைத்தான் சொல்லும், பூசணம் பிடித்த தட்டிலிருந்து கெட்டே வந்த வீடியோவைச் சரி என்றுதான் சொல்லும். ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் பீரோவுக்குள்ளேயே பூசணம் பூக்கும், தட்டு எம்மாத்திரம். ஆகவே நாலு இடத்தில் ஓட்டியும் பார்த்துவிடுங்கள்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். பாப்பாவுக்கு வேண்டியது உண்மையில் ஜிப்பே இல்லை, போனில் ஓடும் வீடியோ. விஎல்சி போட்டால் விஓபி போனிலேயே ஓடும், ஆனாலும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் விட்டு எம்பி4 ஆக்கிக் கொடுத்தேன், அளவும் நன்றாகக் குறைந்தது. பிரித்த கோப்புகளைச் சுருக்காத ஜிப்பாக அக்காவின் பென் டிரைவில் இரண்டு பாகமாகப் போட்டேன், ஐஎஸ்ஓ லேப்டாப்பிலேயே இருக்கட்டும், தொடாதீர்கள் என்றேன். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பாப்பாவே போன் செய்தாள். "அண்ணா, எல்லாம் நல்லா ஓடுது. ஆனா முழுக்க சினிமாப் பாட்டாவே வருது, அம்மா அப்பா பேசுறது எதுவுமே கேக்கல, அந்த சவுண்டை எடுக்க முடியுமா?" 2006-இல் வீடியோ எடுத்தவர் எடிட்டிங்கிலேயே பேச்சை அழித்துவிட்டுப் பாட்டை ஓட்டியிருக்கிறார். டிவிடியிலேயே இல்லாததை நான் எந்த இமேஜிலிருந்து எடுப்பது? அம்மாவிடமே கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.